ஹட்டன் ஏற்றத்தில் நிற்காத மோரிஸ் மைனர்: ஹாண்ட் பிரேக் திருத்தம் பற்றிய நிகழ்வு ஆய்வு

வாகனமும் அதன் பின்னணியும்

இந்தக் குறிப்பு 1965ஆம் ஆண்டில் உற்பத்தியான நான்கு கதவு மோரிஸ் மைனர் 1000 கார் ஒன்றின் ஹாண்ட் பிரேக் பற்றியது. இலங்கை மலையகத்தின் ஹட்டன் பகுதியிலுள்ள எங்கள் கராஜுக்கு வந்து சேர்வதற்கு முன் அது இரண்டு இடங்களில் திருத்தப்பட்டிருந்தது. இரண்டு இடங்களிலும் நடந்த வேலை ஒன்றே: கைபிடிக்குக் கீழே இருக்கும் நட்டுகளை மேலும் சில சுற்று இறுக்குவது. அதனால் கைபிடி இறுகியது, கார் நிற்கவில்லை. கைபிடியில் உணரப்படும் இறுக்கம் சில்லில் (சக்கரத்தில்) உள்ள பிடிப்புக்குச் சான்றாகாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வாகனம் எங்களிடம் வேறு வந்ததில்லை என்பதாலேயே இதை விரிவாகப் பதிவு செய்கிறோம்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மைனர், 1962இல் 1098 சிசி இயந்திரத்தைப் பெற்றபோது அதன் முன்சில்லுகளின் பிரேக் டிரம் (சில்லோடு சுழலும், உட்புறத்தில் பிரேக் உரசும் உருளை) 8 அங்குலமாகப் பெரிதாக்கப்பட்டது. பின்சில்லுகளின் டிரம் 7 அங்குலத்திலேயே இருந்தது. ஹாண்ட் பிரேக் இயங்குவது அந்தப் பின்சில்லுகள் இரண்டில் மாத்திரமே. கால் பிரேக்கின் ஹைட்ரோலிக் தொகுதியும் ஒரே சுற்றாக அமைந்தது; எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளும் ஒருசேரப் பிரேக்கை இழக்கும். அந்த வேளையில் சாரதிக்கு எஞ்சியிருப்பது ஹாண்ட் பிரேக் மட்டுமே. மலைப்பாதையில் ஓடும் காருக்கு இது சிறிய விடயமன்று.

இக்கார் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடலோரப் பகுதியொன்றில் ஒரே குடும்பத்திடம் இருந்தது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடையும் யாழ்ப்பாணத்தில் பழைய மைனர்களையும் ஒஸ்டின் ஏ40களையும் தூக்கி எறிய விடாமல் காப்பாற்றி வைத்தன. பெட்ரோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயிலும் அவை ஓடின. ஆனால் குடாநாடு சமதரை. அங்கே காரை நிறுத்துபவர் கியரில் விட்டுவிட்டு இறங்கிப் போய்விடலாம். ஹாண்ட் பிரேக்கை இழுக்க வேண்டிய தேவை அரிதாகவே வரும். பயன்படுத்தப்படாத கேபிளும், உப்புக் காற்றும் பல ஆண்டுகள் சேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பின்னர் கண்டோம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய கார்களின் விலை ஏறத் தொடங்கிய காலத்தில், ஹட்டனுக்கு அருகே வசிக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் இதை வாங்கினார். வாங்குமுன் ஹாண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்திருக்கிறார். கைபிடியை இழுக்க இழுக்கப் பிடித்து நிறுத்தும் பற்களில் இரண்டாவது பல்லிலேயே அது இறுகி நின்றது அவருக்குத் திருப்தியைத் தந்தது. அந்தச் சோதனை நடந்த இடம் சமதரை.

சம்பவம்

வாங்கிய சில வாரங்களுக்குள், கடைத்தெரு ஒன்றின் ஏற்றத்தில் முன்பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி கார் நிறுத்தப்பட்டது. முதலாம் கியரில் இருந்தது, ஹாண்ட் பிரேக்கும் இழுக்கப்பட்டிருந்தது. உரிமையாளர் கடைக்குள் நின்றபோது கார் மெதுவாகப் பின்னோக்கி நகரத் தொடங்கி, இடப்பக்கப் பின்சில்லு கான் (வடிகால்) விளிம்பில் இடறி நின்றது. பம்பரின் ஒரு முனை நெளிந்தது. எவருக்கும் காயமில்லை.

அருகில் நின்ற ஒருவர் சொன்ன விவரம் எங்களுக்குப் பின்னர் மிகவும் உதவியது: கார் சறுக்கிக்கொண்டு போகவில்லை, சற்று நகர்ந்து, நின்று, மறுபடி சற்று நகர்ந்தது என்றார் அவர். கியரில் விடப்பட்ட காரைத் தடுத்து வைப்பது சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்த பழைய இயந்திரத்தில் அந்த அழுத்தம் சிறிது நேரத்தில் கசிந்துவிடும். கசிந்ததும் இயந்திரம் அரைச்சுற்று சுழன்று, அடுத்த சிலிண்டரின் அழுத்தத்தில் மறுபடி நிற்கும். ஆகவே அன்று அந்தக் காரைப் பெரும்பாலும் தாங்கி நின்றது கியர்தான், ஹாண்ட் பிரேக் அன்று.

சம்பவத்துக்குப் பின் வேறொரு கராஜில் கைபிடி நட்டுகள் மேலும் இறுக்கப்பட்டன. அடுத்து கினிகத்தேனைப் பக்கமாக இறங்கிச் சென்ற பயணத்தில் வலப்பக்கப் பின்சில்லிலிருந்து கருகல் வாசனை வந்தது. அப்போதுதான் கார் எங்களிடம் வந்தது.

கழற்றுமுன் செய்த சோதனை

உரிமையாளரின் கேள்வி நியாயமானது. “இறுக்கமாத்தானே இருக்கு தம்பி, அப்புறம் ஏன் நிக்க மாட்டேங்குது?” என்று கேட்டார். மூத்த திருத்துநர், “கைபிடி இறுக்கமாத்தான் இருக்கு சேர். சில்லுல என்ன நடக்குதுன்னு தூக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்” என்று மாத்திரம் சொன்னார்.

முன்சில்லுகளுக்கு இருபக்கமும் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜக்கினால் உயர்த்தி, அச்சுக்குக் கீழே தாங்கிகளில் இருத்தினோம். கியர் நடுநிலையில். ஹாண்ட் பிரேக்கை முழுதாக விடுவித்த நிலையிலேயே வலப்பக்கச் சில்லு கையால் சுற்றும்போது உரசியது. இடப்பக்கச் சில்லு தடையின்றிச் சுற்றியது. கைபிடியை மூன்றாவது பல்லுக்கு இழுத்ததும் வலப்பக்கம் பூட்டிக்கொண்டது. இடப்பக்கத்தை ஒரு கையால் சுற்ற முடிந்தது. ஐந்தாவது பல்லுக்கு இழுக்க இரண்டு கைகள் தேவைப்பட்டன, அப்போதும் இடப்பக்கம் சுற்றியது.

பிறகு ஒருவர் காருக்குள் கைபிடியை இழுக்க, மற்றவர் கீழே படுத்துப் பேக் பிளேட்டுக்கு (சில்லின் உட்பக்கத்தில் பிரேக் பாகங்களைத் தாங்கும் தகட்டுக்கு) பின்னாலுள்ள சிறு நெம்பைப் பார்த்தார். வலப்பக்க நெம்பு அசைந்தது. இடப்பக்க நெம்பு அசையவே இல்லை. கைபிடியில் அவ்வளவு இறுக்கம், கேபிளின் மறுமுனையில் ஓர் அசைவும் இல்லை. இடப்பக்க நெம்பிலிருந்து பின்னைக் கழற்றி, கேபிளை எதனோடும் இணைக்காமல் விட்டு மறுபடி இழுத்தபோதும் கைபிடியின் இறுக்கம் சற்றும் குறையவில்லை. கேபிள் தன் உறைக்குள்ளேயே கறள் (துரு) ஏறிச் சிக்கியிருந்தது. அந்தச் சிக்கலைத்தான் வாங்கியவரும், நட்டை இறுக்கியவர்களும் பிரேக்கின் பிடிப்பு என எண்ணியிருந்தார்கள்.

இந்தச் சோதனைக்கு இரண்டு பேரும் சிறிது நேரமும் போதும், ஒரு நட்டையும் தொட வேண்டியதில்லை. முன்னைய இரண்டு இடங்களிலும் இதை ஏன் செய்யவில்லை என்று கேட்பது எளிது; ஹாண்ட் பிரேக் என்று சொன்னவுடன் கை நட்டுக்குப் போவது எங்கள் தொழிலில் ஊறிய பழக்கம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தக் காரில் ஹாண்ட் பிரேக் இயங்கும் முறை

கண்டவற்றைப் புரிந்துகொள்ள அமைப்பைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மைனரில் கைபிடியிலிருந்து இரண்டு தனித்தனிக் கேபிள்கள் ஒவ்வொரு பின்சில்லுக்கும் செல்கின்றன. இரண்டுக்கும் பொதுவான சமன் செய்யும் கருவி எதுவும் இல்லை. கைபிடி முனையிலுள்ள இரண்டு நட்டுகளால் ஒவ்வொரு கேபிளையும் தனியே அளவுபடுத்த வேண்டும். ஆகவே ஒன்று சிக்கியிருந்தாலும் மற்றது இயங்கும், சாரதிக்கு வேறுபாடு தெரியாது.

சில்லின் பக்கத்தில் கேபிள் இழுக்கும் நெம்பு, வீல் சிலிண்டரின் (பிரேக் திரவத்தின் அழுத்தத்தால் இயங்கும் சிறு உருளையின்) உடலுக்குள் பொருத்தப்பட்டிருக்கிறது. அந்தச் சிலிண்டர் பேக் பிளேட்டில் இறுகப் பூட்டப்படுவதில்லை. ஒரு துளைப்பள்ளத்தில் முன்னும் பின்னும் நழுவும்படி விடப்பட்டிருக்கிறது. பிஸ்டன் ஒரு பிரேக் ஷூவை (டிரம்மின் உட்புறத்தில் அழுந்தும் வளைந்த துண்டை) தள்ளும்போது, அதன் எதிர்விசையில் சிலிண்டரின் உடல் மறுபக்கம் நழுவி அடுத்த ஷூவைத் தள்ள வேண்டும். கால் பிரேக்குக்கும் ஹாண்ட் பிரேக்குக்கும் இதுவே முறை. பிஸ்டன் இரண்டு துண்டாக இருப்பதால், நெம்பு வெளித்துண்டை மட்டும் தள்ளும், திரவப் பக்கத்தைத் தொந்தரவு செய்யாது. சிலிண்டர் நழுவாமல் ஒட்டிக்கொண்டால் ஒரு ஷூ மாத்திரமே வேலை செய்யும்.

ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் குறைக்கும் அட்ஜஸ்டர் வேறு. அது ஒவ்வொரு பின்சில்லிலும் ஒன்று உண்டு, சில்லிலும் டிரம்மிலும் உள்ள துளை வழியாக ஸ்குறூ டிரைவர் விட்டுத் திருப்ப வேண்டும். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனர் தேயத் தேய ஏற்படும் இடைவெளியை இந்த அட்ஜஸ்டரால்தான் ஈடுசெய்ய வேண்டும். கேபிள் நட்டு இருப்பது கேபிளின் நீட்சியை ஈடுசெய்ய. முதலாவது செய்ய வேண்டிய வேலையை இரண்டாவதால் செய்யும்போதுதான் பெரும்பாலான கோளாறுகள் தொடங்குகின்றன.

எவ்வளவு பிடிப்புத் தேவை என்பதையும் கணக்கிட்டோம். உரிமையாளரின் வீட்டு வாசலில் ஒரு மீற்றர் பலகையையும் நீர்மட்டத்தையும் வைத்து அளந்தபோது ஆறுக்கு ஒன்று என்ற சாய்வு இருந்தது. ஏறத்தாழ 750 கிலோ எடையுள்ள வெறும் கார் அச்சாய்வில் 120 கிலோ அளவான விசையுடன் கீழிழுக்கும். டயரின் ஆரம் 29 சென்ரிமீற்றர் அளவு, டிரம்மின் ஆரம் 9 சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. எனவே டிரம்மின் பரப்பில் லைனர்கள் மொத்தமாக 390 கிலோ அளவான உராய்வைத் தர வேண்டும். இரண்டு சில்லுகளும் பகிர்ந்தால் ஒன்றுக்கு 195. இடப்பக்கம் ஒன்றும் தராதபோது வலப்பக்கம் தனியே முழுவதையும் சுமக்க வேண்டும். காருக்குள் நான்கு பேர் இருந்தால் இன்னும் கூட.

டிரம்களைக் கழற்றியபோது கண்டவை

கேபிள் நட்டுகள் இரண்டையும் முற்றாகத் தளர்த்திய பின்னரே டிரம்களைக் கழற்றினோம். பழைய லைனர்களில், மூச்சுக்குள் போனால் தீங்கான கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கக்கூடும் என்பதால் காற்றுக் குழாயால் ஊதாமல், ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையிலிட்டுக் கட்டி ஒதுக்கினோம்.

வலப்பக்கத்தில் லைனர் கண்ணாடி போல் மினுங்கியது, டிரம்மின் உட்பரப்பில் நீலம் பாய்ந்த புள்ளிகள் தெரிந்தன. இரண்டும் நீடித்த சூட்டின் அடையாளங்கள். அட்ஜஸ்டர் முற்றிலும் பின்னோக்கித் திருப்பி விடப்பட்டிருந்தது. யாரோ நட்டை இறுக்கி, சில்லு உரசியதும், அந்த உரசலைப் போக்க அட்ஜஸ்டரைத் தளர்த்தியிருக்கிறார்கள்; அதனால் ஹாண்ட் பிரேக் தளர, மறுபடி நட்டை இறுக்கியிருக்கிறார்கள். இதன் விளைவாக, பேக் பிளேட்டுக்குப் பின்னாலுள்ள நெம்பு ஓய்வு நிலையிலேயே தன் பயணத்தின் பெரும்பகுதியை முடித்திருந்தது. கேபிள் அதை இழுக்கும் கோணமும் கெட்டிருந்தது. ஆக, வலப்பக்கமும் நாங்கள் முதலில் எண்ணியதுபோல நல்ல நிலையில் இருக்கவில்லை.

இடப்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு கோளாறுகள். கேபிள் பற்றி முன்பே சொன்னோம்; வெளியே எடுத்தபோது, காருக்குக் கீழே தாழ்ந்து வளையும் பகுதியில் உறை வெடித்து, உள்ளே கம்பி இழைகள் சில அறுந்திருந்தன. அந்தக் கேபிளில் கிறீஸ் விடுவதற்கான நிப்பிள் உண்டு. அதன் மேல் அடிப்பூச்சுத் தார் தடிப்பாகப் படிந்திருந்ததைப் பார்த்தால், பல ஆண்டுகளாக அதில் கிறீஸ் துப்பாக்கி பட்டிருக்க வழியில்லை. நெம்பின் அச்சாணி கறளால் இறுகியிருந்தது. சிலிண்டர் பேக் பிளேட்டின் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மரச் சுத்தியலால் தட்டியும் நகரவில்லை. இதற்குச் சான்றாக, ஒரு ஷூவின் லைனர் ஆணித் தலை தெரியுமளவுக்குத் தேய்ந்திருக்க, அதன் இணையில் ஏறக்குறையப் புதிய தடிப்பு இருந்தது.

நான்காவது கோளாறு ஒயில். இரண்டு லைனர்களும் கறுத்து நனைந்திருந்தன. அது பிரேக் திரவமா, அச்சு ஒயிலா என்பதைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தபோது கந்தக வாசனை தெளிவாக வந்தது, தண்ணீரில் கரையவும் இல்லை. பிரேக் திரவம் தண்ணீரோடு கலக்கும், அந்த வாசனையும் அதற்குக் கிடையாது. ஹப்பிலுள்ள ஒயில் சீல் கசிந்திருக்கிறது. ஆனால் சீல் ஏன் கசிந்தது என்று தேடியபோது, பின்அச்சின் மேலுள்ள சிறு பிரீதர் (காற்றுப்போக்குத் துளை) முழுமையாக அடைபட்டிருந்தது. காருக்குப் புதிதாக அடிப்பூச்சு அடித்தவர்கள் அதற்கு மேலாகவே அடித்திருந்தார்கள். ஓடும்போது சூடேறும் அச்சுக்குள் அழுத்தம் கூடி, வெளியேற வழியின்றி, சீலின் விளிம்பு வழியாக ஒயிலைத் தள்ளியிருக்கிறது. விற்பனைக்காகச் செய்யப்பட்ட அழகுவேலை ஒன்று பிரேக்கைக் கெடுத்ததை உரிமையாளர் நம்பத் தயங்கினார். கம்பியால் குத்தித் தார்க் கட்டியை எடுத்துக் காட்டிய பின் ஒப்புக்கொண்டார்.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

மிக நீண்ட விவாதம் லைனர் பற்றியது. தேயாத இரண்டு லைனர்களைப் பெட்ரோலில் கழுவி, தீயில் வாட்டிப் பயன்படுத்தலாம் என்பது உரிமையாளரின் விருப்பம்; அவருடைய தந்தை காலத்தில் அப்படித்தான் செய்தார்களாம். இது இப்போதும் பல இடங்களில் நடக்கிறது. நாங்கள் மறுத்தோம். லைனர் நுண்துளைகள் கொண்ட பொருள். மேற்பரப்பு ஒயிலை நெருப்பு எரித்துவிடும், உள்ளே ஊறியது முதலாவது நீண்ட இறக்கத்தில் சூடேறியதும் மேலே வரும். அதோடு, கல்நார் இருக்கக்கூடிய ஒன்றை எங்கள் கராஜில் தீயில் வாட்ட நாங்கள் விரும்பவில்லை. வலப்பக்கத்தில் மினுங்கிப்போன லைனரைத் தேய்த்துப் பயன்படுத்த முடிந்திருக்கும் என்றாலும், ஒரே அச்சில் ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும் என்பதால் நான்கு ஷூக்களுக்கும் புதிய லைனர் ஒட்டத் தீர்மானித்தோம்.

வீல் சிலிண்டரைப் பொறுத்தவரை, இடப்பக்கத்ததைச் சூடாக்கி விடுவிக்க முடிந்தது. ஆனால் உட்சுவரில் விரல்நகம் தடுக்குமளவுக்குக் குழிகள் இருந்தன. அத்தகைய சுவரில் எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் நிலைக்காது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடியதில் புதிய சிலிண்டர்கள் இரண்டு கிடைத்தன. வலப்பக்கச் சிலிண்டர் நழுவியது, சுவரும் வழவழப்பாக இருந்தது. புதிய சீல்களோடு அதையே மறுபடி பூட்டியிருக்கலாம். தொகுதியைத் திறந்து காற்று நீக்கும் வேலை எப்படியும் நடக்கப்போகிறது என்பதாலும், அடுத்த மழைக்காலத்தில் அதே வேலையை மறுபடி செய்வதை உரிமையாளர் விரும்பாததாலும் இரண்டையும் மாற்றினோம். இது கட்டாயமான முடிவு அன்று, வசதி கருதிய முடிவு.

கேபிளில் இதற்கு மாறாக நடந்தது. புதிதாக ஒன்றுதான் கைக்கு எட்டியது. வலப்பக்கக் கேபிள் தங்குதடையின்றி ஓடியதால், அதைக் கழற்றி, கழுவி, கிறீஸ் ஏற்றி மறுபடி பயன்படுத்த முடிவு செய்தோம். செலவு ஏற்கெனவே உரிமையாளர் நினைத்ததைத் தாண்டியிருந்ததும் இம்முடிவில் பங்கு வகித்தது.

இடப்பக்க ஹப்பின் ஒயில் சீல், அச்சுத்தண்டின் காகிதக் கேஸ்கட் ஆகியவற்றை மாற்றுவதில் விவாதம் இருக்கவில்லை. ஆனால் பிரீதரைத் திறந்து, அச்சின் ஒயில் மட்டத்தைச் சரிபார்த்த பின்னரே புதிய சீலைப் பூட்டுவது என்று ஒழுங்கு வைத்தோம். காரணத்தை விட்டுவிட்டுச் சீலை மட்டும் மாற்றினால் அதுவும் சில மாதங்களில் கசியும்.

பொருத்தலும் அளவுபடுத்தலும்

லைனர் ஒட்டி வந்த ஷூக்களைப் பூட்டுமுன் டிரம்மின் உட்புறத்தில் சோக்குக் கட்டியால் பூசி, ஷூவை வைத்து அசைத்துப் பார்த்தோம். சோக்கு லைனரின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் ஒட்டியது. இரு முனைகளும் வெறுமையாக இருந்தன. டிரம்மை அளந்தபோது 7 அங்குலத்தை விட ஒரு மில்லிமீற்றர் அளவு விட்டம் கூடியிருந்தது. எப்போதோ கடைசல் பிடித்திருக்கிறார்கள். புதிய லைனரின் வளைவு மூல அளவு டிரம்முக்கு ஏற்றது, பெரிதான டிரம்முக்குள் அது நடுவில் மட்டுமே தொடும். கால் பிரேக்கில் இது ஓட ஓடத் தேய்ந்து சரியாகிவிடும். ஆனால் அதே ஷூக்களை நம்பும் ஹாண்ட் பிரேக்குக்கு அதுவரை முழுப் பிடிப்புக் கிடைக்காது. கையின் விசையும் காலின் விசையைப் போல் பெரியதன்று. எனவே ஷூக்களையும் டிரம்களையும் சேர்த்தே கண்டியில் லைனர் வேலை செய்யும் இடத்துக்கு அனுப்பி, அந்தந்த டிரம்முக்கு ஏற்றபடி லைனரை வளைவாகத் தீட்டி எடுப்பித்தோம். திரும்பி வந்தபோது சோக்கு முக்கால்வாசிப் பரப்பில் ஒட்டியது.

பேக் பிளேட்டின் பள்ளத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, சூட்டைத் தாங்கும் செப்புக் கிறீஸை மிக மெல்லியதாகத் தடவினோம். சிலிண்டரின் சீல்களுக்கும் நெம்பின் இறப்பர் உறைக்கும் அருகில் சாதாரணக் கிறீஸ் போகாமல் பார்த்துக்கொண்டோம். கனிம எண்ணெய் கலந்த எதுவும் அந்த இறப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். அங்கே இறப்பருக்கென்றே உள்ள சிவப்புக் கிறீஸ் பயன்பட்டது. சிலிண்டரைப் பூட்டிய பின் கட்டைவிரலால் தள்ளினாலே நழுவ வேண்டும் என்பதை அளவுகோலாக வைத்தோம்.

அளவுபடுத்திய ஒழுங்கு பின்வருமாறு அமைந்தது. கேபிள்கள் தொய்வாக இருக்கும் நிலையில், முதலில் கால் பிரேக்கின் காற்றை நீக்கினோம். மாஸ்டர் சிலிண்டர் (கால் மிதிக்கும்போது திரவத்தை அழுத்தும் உருளை) சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே வலப்பக்கம் இருப்பதால் மிகத் தூரமான இடப்பக்கப் பின்சில்லில் தொடங்கினோம். அடுத்து ஒவ்வொரு அட்ஜஸ்டரையும் சில்லு பூட்டும்வரை வலஞ்சுழியாகத் திருப்பி, ஒரு பல் பின்னோக்கி விட்டோம். பிறகு கால் பிரேக்கைப் பல தடவை அழுத்தியதும், நழுவும் சிலிண்டர்கள் தங்கள் இடத்தைக் கண்டுகொண்டன. அதனால் இடப்பக்க அட்ஜஸ்டரில் இன்னும் ஒரு பல் கிடைத்தது. இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே கேபிளுக்குப் போனால் கணக்கு மறுபடி பிழைக்கும். கேபிள் நட்டுகளைத் தொட்டது கடைசியில்: கைபிடியை மூன்றாவது பல்லில் நிறுத்தி, இரண்டு சில்லுகளையும் பலங்கொண்டு திருப்பினால் மட்டுமே அசையும் நிலைக்கு, இரண்டும் ஒரே தடையைத் தரும்வரை, நட்டுகளை மாறிமாறித் திருப்பினோம். கைபிடியை விடுவித்ததும் இரண்டு சில்லுகளும் உரசாமல் சுற்றின.

சோதனை

முதற்சோதனை கராஜ் வளவின் சிறு சரிவில். அடுத்தது உரிமையாளரின் வீட்டு வாசலில், முன்பு அளந்த அதே ஆறுக்கு ஒன்று சாய்வில். கியர் நடுநிலையில் வைக்கப்பட்டது; கியரில் விட்டால் எது தாங்குகிறது என்பது தெரியாமற் போகும். சாரதி ஆசனத்தில் ஒருவர் கால் பிரேக்கின் மேல் கால் வைத்து இருந்தார், சில்லுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி மரக்கட்டை போடப்பட்டது. மேல்நோக்கி நிறுத்தியபோது கார் ஐந்தாவது பல்லில் அசையாமல் நின்றது. கீழ்நோக்கித் திருப்பி நிறுத்தியபோதும் நின்றது. மூவர் ஏறி அமர்ந்ததும் கீழ்நோக்கிய நிலையில் ஒரு விரற்கடை நகர்ந்து நின்றதால், புதிய லைனர் படியும்வரை ஏற்றத்தில் கியரையும் சேர்த்துப் பயன்படுத்துமாறு உரிமையாளரிடம் சொல்லி அனுப்பினோம்.

கீழிறங்கும் நீண்ட பாதையில் ஓட்டி வந்து இரண்டு டிரம்களையும் கையால் தொட்டுப் பார்த்ததில் சூடு இருபக்கமும் ஒத்திருந்தது. முன்பு கருகல் வந்த பக்கம் எது என்று கேட்டால் சொல்ல முடியாத நிலை.

பின்னர் நடந்தவை

சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் கார் மறுபரிசோதனைக்கு வந்தது. லைனர் படிந்ததால் இரண்டு அட்ஜஸ்டர்களிலும் ஒவ்வொரு பல் கூட்ட வேண்டியிருந்தது. கேபிள் நட்டுகளில் கை வைக்கத் தேவைப்படவில்லை. இப்போது மூவர் அமர்ந்த நிலையிலும் அதே வாசலில் நான்காவது பல்லிலேயே கார் நின்றது. இடப்பக்க டிரம்மைத் திறந்து பார்த்ததில் ஒயில் ஈரம் இல்லை.

தென்மேற்குப் பருவ மழைக்குப் பிறகு உரிமையாளர் வேறொரு முறைப்பாட்டுடன் வந்தார்: காலையில் முதன்முறை புறப்படும்போது வலப்பக்கம் சிறிது பிடித்துக்கொண்டு பின் விடுகிறது. நாங்கள் கழுவிப் பயன்படுத்திய பழைய கேபிள்தான் காரணம். உறையின் வெளிப்பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்திருக்க வேண்டும், மழை நீர் உள்ளே போய்த் திரும்பும் ஓட்டத்தைத் தடுத்திருக்கிறது. புதிய கேபிள் ஒன்று இதற்குள் கிடைத்திருந்ததால் அதையும் மாற்றினோம். மறுபடி ஒரு கூலி, மறுபடி அளவுபடுத்தல்.

உரிமையாளரின் பழக்கமும் மாறியிருந்தது. கீழ்நோக்கி நிறுத்தும்போது முன்சில்லுகளை இடப்பக்கக் கரையை நோக்கித் திருப்பி விடுகிறார், ரிவர்ஸ் கியரில் போடுகிறார். ஏற்றத்தில் நிறுத்தினால் முதலாம் கியர், முன்சில்லுகள் வலப்பக்கம். டிக்கியில் ஒரு மரக்கட்டையும் வைத்திருக்கிறார். இயந்திரத்தின் அழுத்தக் கசிவு அப்படியே இருப்பதால் கட்டை வைத்துக்கொள்வதை நாங்களும் வற்புறுத்தினோம்.

எங்கள் நடைமுறையில் மாறியவை

இப்போது ஹாண்ட் பிரேக் முறைப்பாட்டுடன் வரும் எந்தப் பழைய காரிலும், நட்டைத் தொடுமுன் இரண்டு பின்சில்லுகளையும் தூக்கி, விடுவித்த நிலையிலும் மூன்றாவது பல்லிலும் ஒவ்வொன்றும் தரும் தடையை வேலை அட்டையில் தனித்தனியே எழுதுகிறோம். சில்லுப் பக்க நெம்பு அசைகிறதா என்பதற்கு அட்டையில் ஒரு தனிக் கட்டம் உண்டு. பொதுச் சமன்கருவி உள்ள கார்களில் இது அவ்வளவு அவசரமன்று, ஒரு பக்கம் சிக்கினால் சமன்கருவி சாய்ந்தோ கைபிடி தளர்ந்தோ காட்டிக்கொடுக்கும். மைனரைப் போலத் தனித்தனிக் கேபிள் உள்ளவற்றில் கைபிடி ஒன்றையும் காட்டிக்கொடுப்பதில்லை.

கேபிள்களை இணையாகவே மாற்றுகிறோம். ஒன்று மட்டும் கிடைத்தால் மற்றது வரும்வரை காத்திருக்க வாடிக்கையாளரிடம் சொல்கிறோம். காத்திருக்க முடியாதவரிடம், வலப்பக்கத்துக்கு நேர்ந்ததைச் சொல்லி, முடிவை அவரிடமே விடுகிறோம். அடிப்பூச்சு அடிக்க வரும் கார்களில் பிரீதரையும் கிறீஸ் நிப்பிள்களையும் முதலில் ஒட்டுநாடாவால் மூடி, பூச்சு முடிந்ததும் உரித்து எடுப்பது உதவியாளரின் பொறுப்பாக்கப்பட்டிருக்கிறது.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எங்களோடு வந்து பார்க்கக் கேட்டால், ஹாண்ட் பிரேக்கை ஏற்றம் ஒன்றில், கியரை நடுநிலையில் வைத்து, முன்பக்கத்தை மேலும் கீழுமாகத் திருப்பி இரண்டு நிலையிலும் சோதிக்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் தேடுவது கடினம். அங்கே போனால் பின்பக்கத்தை ஜக்கில் தூக்கி, கைபிடியை இழுத்து, சில்லுகளைக் கையால் சுற்றிப் பார்க்கிறோம். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் பிரேக் வேலைக்கான முழுச் செலவையும் விலையில் கழித்துப் பேசுமாறு வாங்குபவரிடம் சொல்லிவிடுகிறோம்.